சோழிக் கணக்கும் சில்லுக் கணக்கும்

லெப்டினன்ட் கர்னல் ஜான் வாரன் 1825இல் சென்னையில் அச்சிட்ட 'கால சங்கலித' என்னும் நூலில் புதுச்சேரித் தமிழர் ஒருவர் வருகிறார். பஞ்சாங்கம் கணிப்பது அவர் தொழில். தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனனம் செய்த அசைத்தொடர்களின் துணைகொண்டு, அவ்வாண்டு மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். வானியல் வரலாற்றறிஞர் ஆட்டோ நியூகெபவர் 1952இல் 'தமிழ் வானியல்' பற்றி எழுதிய ஆய்வால் இக்கணக்கு உலகறிந்தது. பிழை: தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52.

இதை அறியாமையின் அளவாகக் கொள்வது எளிது, ஆனால் தவறு. அவர் கையாண்டது வாக்கிய முறை. சந்திரனின் இருப்பை நாள்தோறும் புதிதாகக் கணிப்பதற்குப் பதிலாக, முன்பே கணித்த 248 மதிப்புகளை 248 தொடர்களாக்கி நெஞ்சில் இருத்துவது அம்முறை. கடபயாதி நெறிப்படி மெய்யெழுத்து ஒவ்வொன்றும் ஓர் இலக்கம். எண் மறந்துபோகும், சொல் நிற்கும். எஞ்சுவது கூட்டலும் கழித்தலுமே. மரபு வரருசிக்கு உரியவையாகச் சொல்லும் வாக்கியங்கள் கலையளவில், அதாவது பாகையின் 60இல் ஒரு பங்கில், நின்றுவிடுகின்றன. கேரளத்துச் சங்கமகிராம மாதவன் 14ஆம் நூற்றாண்டில் அவற்றை விகலை வரை நுணுக்கினார். பயன் எதுவோ அதற்கேற்ற நுணுக்கம்: சக்குபள்ளத்தில் ஏலக்காயை நிறுக்கும் தராசில் யாரும் விறகை நிறுப்பதில்லை. (52 நிமிடம் முழுவதையும் இச்சிக்கனத்தின் தலையில் ஏற்ற முடியாது. நூற்றாண்டுகள் பழைய மாறிலிகளுக்கும் அதில் பங்குண்டு.)

கணிதரிடம் செலவானது உழைப்பு. சில்லில் செலவாவது மின்சாரம். மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு சுவிட்சு மாற்றத்திற்கும் ஆகும் ஆற்றல் ஏறக்குறைய கால் பங்காகும். ஆனால் விடை தவறத் தொடங்கும். எங்கே தவறவிடலாம் என்பதே கிருஷ்ணா பேலெம் 2000களின் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்த கேள்வி. 7,482 என்னும் எண்ணில் 2 பிறழ்ந்தால் தாங்கலாம், 7 பிறழக் கூடாது. எனவே உயர் இலக்கங்களுக்கு முழு அழுத்தம், கடை இலக்கங்களுக்குக் குறைந்த அழுத்தம். 2012இல் ரைஸ், நன்யாங், பெர்க்லி பல்கலைக்கழகங்களும் சுவிட்சர்லாந்தின் சி.எஸ்.இ.எம். நிறுவனமும் இணைந்து, அரிதாகப் பயன்படும் சுற்றுப்பகுதிகளையே கத்தரித்த சில்லுகளை முன்வைத்தன. விடை சராசரியாக 0.25 விழுக்காடு விலகியபோது ஆற்றல் தேவை 3.5 மடங்கு குறைந்தது. வேகத்தையும் பரப்பையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 8 விழுக்காடு விலகலில் திறன் 15 மடங்கு வரை உயர்ந்தது.

இச்சில்லுக்கு அவர்கள் கருதிய இடங்களுள் ஒன்று, மின்சாரமில்லாத இந்திய வகுப்பறைகளுக்கான 'ஐ-ஸ்லேட்' என்னும் சூரிய ஒளிப் பலகை. இங்கேதான் வரலாறு உறுத்துகிறது. பஞ்சாங்கப் பிழையைச் சுமந்தவர்கள், கிரகணம் விட்டபின் நீராடி உலையேற்றக் காத்திருந்த வீட்டார். பலகையின் பிழையைச் சுமக்கவிருந்தவர்கள் ஊர்ப்புறப் பிள்ளைகள். எந்த இலக்கத்தை விடுவது என்று இருவரையும் யாரும் கேட்கவில்லை. படத்தின் சிறு பிறழ்வைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும் என்பது ஆய்வாளர் தரப்பு, அது நியாயமானதே. அவர்கள் கருதிய மற்றோர் இடம் காதுகேட்கும் கருவி. அங்கே, விடுபட்டது எது என்பதை அணிந்திருப்பவரின் காதே சொல்லிவிடும்.