நீலப் புள்ளி பிறந்த கதை

மலேசியாவின் லூமுட் படகுத்துறையில் நின்று, வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியைத் திறந்தால், வரைபடத்தில் நாம் நிற்கும் இடத்தில் நீலப் புள்ளி சட்டென்று வந்துவிடுகிறது. துணைக்கோளங்களை மட்டும் நம்பியிருந்தால் இந்த வேகம் கிடைத்திருக்காது.

ஜிபிஎஸ் துணைக்கோளங்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. தான் செல்லும் பாதையைப் பற்றிய குறிப்பை ஒவ்வொன்றும் விநாடிக்கு 50 பிட் வேகத்தில் ஓதுகிறது. அந்தக் குறிப்பு 30 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். எல்லாத் துணைக்கோளங்களின் பொதுப் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். இராணுவத்துக்கென 1970களில் உருவான ஏற்பாடு இது. நடுக்கடலில் போகும் கப்பலுக்கு இதுவே தாராளம். செம்பனை ஓலைகளின் அடியில் நிற்பவருக்கோ சமிக்ஞை இடையில் அறுந்துபோகும். விட்டுப்போன பகுதி மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அவசரம் ஓர் உயிர்ப் பிரச்சினையாக வந்தது. அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்கும் கைப்பேசி எங்கே இருக்கிறது என்பதைத் தொலைபேசி நிறுவனங்கள் தெரிவித்தாக வேண்டும் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1996இல் விதித்தது. அடிபட்டுக் கிடப்பவரைக் காக்க வைக்க முடியுமா? வழி பிறந்தது: துணைக்கோளம் மெல்ல ஓதும் குறிப்பை ஒரு கணினி முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டு, கைப்பேசிக் கோபுரம் வழியே நொடியில் அனுப்பிவிடும். ஏ-ஜிபிஎஸ் என்பது இதுதான். இதை வளர்த்தெடுத்த ஸ்னாப்டிராக் நிறுவனத்தை 2000இல் குவால்காம் வாங்கியது.

2007 நவம்பரில் கூகுள் மேப்ஸ், கோபுரத்தை மட்டும் வைத்தே தோராய இடத்தைக் காட்டியது. 2008இன் தொடக்கத்தில் ஸ்கைஹுக் நிறுவனத்தின் உதவியுடன் ஐபோன் அக்கம்பக்கத்து வைஃபைகளைக் கொண்டும் இடமறிந்தது. இவை எல்லாவற்றையும் கலந்து விடை சொல்லும் வசதியை 2013இல் கூகுள் ஆண்ட்ராய்டுக்குத் தந்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் கிராப், மைடெக்சி என்ற பெயரில் மலேசியாவில் பிறந்திருந்தது.

இன்னும் வேகமான வழி ஒன்று உண்டு: கைப்பேசி கடைசியாக அறிந்த இடத்தையே உடனே காட்டுவது. அருமையான வழிதான், ஆனால் ஆபத்தும் அதில்தான். பங்கோர் தீவில் கைப்பேசியை அணைத்துவிட்டு ஃபெரியேறி லூமுட் வந்தவருக்கு, அந்தப் புள்ளி இன்னும் தீவிலேயே நிற்கலாம். அதை நம்பி அழைத்தால் கார் கடலைத் தாண்டி வர வேண்டும்.

செயலி எழுதும் தம்பி தங்கைகளே, பழைய புள்ளியை முதலில் காட்டுங்கள், தவறில்லை. அது எத்தனை நிமிடத்துக்கு முந்தியது என்று பார்த்துவிட்டுக் காட்டுங்கள். புதிய இடம் கிடைக்கும்வரை காரை அனுப்பாதீர்கள்.