அந்தனி ஜீவா: மேடையிலிருந்து பெரட்டுக்களத்துக்கு

மலையக நாடகம் என்றதும் பலர் காமன் கூத்தோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். மாசி மாதத்தில் தோட்டமே கூடி விடிய விடிய ஆடும் அந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது எங்கள் வேர்தான். ஆனால் லயத்து மக்களின் சம்பளத்தையும் குடியுரிமையையும் பேசிய நாடகங்களும் இங்கே இருந்தன. அந்த வரிசையில் முக்கியமானவர் 2025 ஜனவரியில் மறைந்த அந்தனி ஜீவா.

இந்த வரிசையைத் தொடக்கி வைத்தவர் கோ. நடேசய்யர். ஹட்டனில் தொழிற்சங்கம் கட்டிய அவர், ஆள்கட்டும் கங்காணிகளின் ஆசைவார்த்தைகளை அம்பலப்படுத்த 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்ற நாடகத்தை எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடினார். பின்னாளில் நடேசய்யரைப் பற்றி நூல் எழுதி, அவரை என் தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியவர்களில் ஜீவாவும் ஒருவர்.

1944இல் பிறந்த ஜீவா, 1970களில் கொழும்பு மேடையில் வளர்ந்தார். 'முள்ளில் ரோஜா', 'அக்கினிப் பூக்கள்' ஆகியவை அவருக்குப் பெயர் வாங்கித் தந்த நாடகங்கள்.

அதே காலத்தில் மலையகம் திரைக்கும் வந்துகொண்டிருந்தது. 1963இல் 'தோட்டக்காரி' வெளிவந்தது. 1975இல் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து, தானே நடித்தார். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கப்பட்டு, குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. 1980இல் இன்னொரு மலையக நாடகாசிரியரான மாத்தளை கார்த்திகேசு 'அவள் ஒரு ஜீவநதி' படத்தைக் கொண்டுவந்தார்.

கார்த்திகேசு திரைக்குப் போன அதே ஆண்டுகளில் ஜீவா தெருவுக்கு இறங்கினார். வங்க நாடகக்காரர் பாதல் சர்க்காரிடம் தமிழகத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, மலையகத்தில் வீதி நாடகத்தைத் தொடங்கினார். 'வெளிச்சம்' அவற்றில் ஒன்று.

மலையகத்துக்கு இந்த வடிவம் ஏன் பொருந்தியது என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு உடனே விளங்கும். படம் பார்க்க டவுனுக்கு இறங்க வேண்டும். பஸ் காசும் டிக்கெட் காசும் வேண்டும். ஒரு நாள் பேரும் போகலாம். மேடை போடுவதென்றால் துரையின் அனுமதி கேட்க வேண்டும். வீதி நாடகத்துக்கு விளக்கு வேண்டாம், திரை வேண்டாம். பெரட்டுக்களத்திலோ கோயில் முற்றத்திலோ வட்டமாக இடம் விட்டால் போதும். காமன் கூத்திலும் ஆடுகிறவர்களையும் பார்க்கிறவர்களையும் மேடை பிரிப்பதில்லை. அதனால் எங்கள் சனத்துக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை.

ஜீவா 'குன்றின் குரல்', 'கொழுந்து' இதழ்களை நடத்தியதையும் 'ஈழத்தில் தமிழ் நாடகம்' என்ற நூலை எழுதியதையும் இதன் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். நாடகம் ஆடியவுடன் காற்றோடு போய்விடும்; அச்சில் வந்தால் மிஞ்சும்.

மிஞ்சுவது எவ்வளவு முக்கியம் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. 1977 வன்செயலில் அடிபட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய தோட்டத்துக் குடும்பங்கள், தங்கள் பாட்டையும் கூத்தையும் அங்கே கொண்டுபோயின. 2009இல் அந்தச் சனமும் முள்ளிவாய்க்கால் வரை நடந்தது. அவர்களில் எத்தனையோ அண்ணாவிமாரையும் வாத்தியார்மாரையும் இழந்துவிட்டோம்.

ஜீவாவின் வீதி நாடகங்களில் ஆடிய இளைஞர்களுக்கு இன்று வயது அறுபதைக் கடந்திருக்கும். வசனங்கள் அவர்கள் வாயில் இன்னும் இருக்கின்றன. உங்கள் தோட்டத்திலோ ஊரிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே கைத்தொலைபேசியை எடுத்து அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். ஒரு பாட்டு, ஒரு காட்சி, ஒரு பெயர் கிடைத்தாலும் போதும்.