குளுக்கோஸ் கடத்திப் புரதமும் வேலூர் ஆய்வும்: 1978ஆம் ஆண்டுத் தலையங்கம் ஒன்றின் மறுவாசிப்பு

உப்பு சர்க்கரைக் கரைசலின் வரலாற்றை எழுதுவோர் பலரும் 1978 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழில் வந்த தலையங்கத்தை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றோடொன்று பிணைந்தே கடத்தப்படுகின்றன என்ற கண்டுபிடிப்பு, இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் தலையாய முன்னேற்றமாக அமையக்கூடும் என்று அது கருதியது. கரைசலுக்குத் தந்த மதிப்பில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் கரைசலின் பெருமை முழுவதையும் அந்தப் பிணைப்பின் கணக்கில் எழுதியதை ஏற்க இயலவில்லை. ஆய்வுக்கூடம் முதலில் கண்டது, மருத்துவமனை பின்தொடர்ந்தது என்ற வரிசை அங்கிருந்தே நிலைத்துவிட்டது.

ஆண்டுகளைப் பார்ப்போம். ராபர்ட் கிரேன் இப்பிணைப்பு பற்றிய தம் கருதுகோளைப் பிராகா கருத்தரங்கில் முன்வைத்தது 1960 ஆகஸ்டில். கினிப்பன்றிக் குடலில் சர்க்கரை உறிஞ்சப்படச் சோடியம் தேவை என்பதை ரிக்லிஸும் குவாஸ்டலும் 1958இலேயே காட்டியிருந்தார்கள். அதற்கும் முன்னால், 1953 நவம்பரில், கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 காலரா நோயாளிகளைப் பற்றி அதே ‘லான்செட்’டில் எழுதினார். லிட்டருக்கு 4 கிராம் உப்பு, 25 கிராம் குளுக்கோஸ்; வாய்வழியாகக் கொடுத்தார். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. அந்தக் குறை மெய்யானது. ஆயினும் தன் பக்கங்களில் கால் நூற்றாண்டுக்கு முன் வந்த அக்கட்டுரை இருக்கையில், பொறிமுறையைத் தொடக்கப்புள்ளியாக வைப்பது எப்படிப் பொருந்தும்? திலீப் மகலனாபிஸ் 1971இல் பாங்காவ் அகதிகள் முகாமில் கரைசலைக் குடம் குடமாகக் கொடுத்தபோதும், சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கடத்தும் புரதத்தை எவரும் இனம் காணவில்லை. எர்னஸ்ட் ரைட் குழுவினர் எஸ்ஜிஎல்டி-1 எனப்படும் அப்புரதத்துக்கான மரபணு நகலை முயலிலிருந்து பிரித்தெடுத்தது 1987இல். மனிதப் புரதம் 1989இல். பிணைப்பு ‘கண்டுபிடிக்கப்பட்ட’ ஆண்டு 1958ஆ, 1960ஆ என்பதைக்கூட நான் அறுதியிட மாட்டேன்.

என் வாதத்தின் மையம் இந்த முன்பின் கணக்கு அன்று, வேலூர். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் கிராமங்களில் 1960களின் தொடக்கத்தில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொள்ளைநோயாகப் பரவியது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தனர். ஸ்ப்ரூ சிறுகுடல் நோயாகவே அறியப்பட்டிருந்தது. பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மாத்தனும் 1982இல், அந்நோயாளிகளின் பெருங்குடலும் நீரையும் சோடியத்தையும் சரிவர உறிஞ்சுவதில்லை என்று காட்டினர். 1993இல் இதே கேள்வியைக் கடும் வயிற்றுப்போக்குக்கு நீட்டி, பெருங்குடலில் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களின் பங்கை ஆராய்ந்தனர். இந்த வழிமரபில் கிரேன் இல்லை. கிராமத்து நோயிலிருந்து புறப்பட்ட கேள்வி இது.

அதன் விளைவே 2000ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட வேலூர் ஆய்வு. காலரா நோயாளிகள் 48 பேர், குழுவுக்கு 16 பேர். ஒரு குழுவுக்கு வழக்கமான கரைசல் மட்டும். இன்னொன்றுக்கு அதில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மூன்றாவதற்கு, செரிமான நொதிக்கு எளிதில் இணங்காத மக்காச்சோள மாவுச்சத்து 50 கிராம். பேதி நின்ற சராசரி நேரம் முறையே 90.9, 70.8, 56.7 மணி.

இந்தச் சராசரிகளைவிட, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்த மலத்தின் எடைதான் என்னை நிறுத்தியது. வழக்கமான கரைசலுக்கும் மக்காச்சோளக் குழுவுக்கும் தெளிவான வேறுபாடு முதல் 12 மணி நேரத்துக்குப் பிறகே தெரிகிறது. 12 முதல் 24 மணிக்குள் 3251 கிராமுக்கு 2206. 36 முதல் 48 மணிக்குள் 2498க்கு 985. அரிசி மாவுக் குழுவையும் அது தெளிவாக விஞ்சுவது இந்தக் கடைசிப் பொழுதில்தான் (அரிசிக்கு 1790 கிராம்). அரிசி மாவு சிறுகுடலிலேயே குளுக்கோஸாக உடைந்து எஸ்ஜிஎல்டி-1 வழியே, இரண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ் என்ற கணக்கில், உள்ளே போகக்கூடியது. அந்தப் புரதமே எல்லாம் என்றால் அரிசியல்லவா முந்தியிருக்க வேண்டும்? தாமதித்து வந்து, பின் வளர்ந்துகொண்டே போகும் இப்பயன், மாவுச்சத்து பெருங்குடலை அடைந்து நுண்ணுயிர்களால் புளிப்பதற்கான கால அளவோடு ஒத்துப்போகிறது. குழுவுக்குப் பதினாறே பேர் என்பதை மறக்கவில்லை. ஆயினும் வேறுபாட்டின் அளவைவிட அது தோன்றிய நேரத்தையே நான் வலுவான சான்றாகக் கொள்கிறேன்.

புளிக்கும் மாவுச்சத்து என்றதும் பழைய சோறு நினைவுக்கு வரலாம்; அதற்கும் நீராகாரத்துக்கும் இவ்வாய்வைச் சான்றாகக் காட்டலாகாது. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் வேலூரில் கொடுத்தது குறிப்பிட்ட வகை மக்காச்சோளத்தின் மாவு, அளந்த அளவில்.

உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் கரைசலின் செறிவைக் குறைத்தது. லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் சோடியம் 90இலிருந்து 75 ஆனது, குளுக்கோஸ் 111இலிருந்து 75 ஆனது. இரண்டையும் சம அளவில் வைத்த அந்த மாற்றமும் புரதத்தின் கணக்குக்குள்ளேயே நின்றது. வேலூர்க் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் குளுக்கோஸை அறவே எடுத்துவிட்டு அதனிடத்தில் இதே மாவுச்சத்தைச் சேர்த்தது. அப்போதும் பேதி விரைந்தே நின்றது. தலையங்கத்தின் வாசிப்புக்கு இதைவிடக் கடினமான சான்றை நான் அறியேன். எதிர்வாதத்துக்கும் இடமுண்டு: இம்மாவுச்சத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரித்துக் குளுக்கோஸாகவே போயிருக்கலாம், 2000ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி 32.6 கிராம் மாவுச்சத்து புளிக்காமலே மலத்தோடு வெளியேறியும் இருக்கிறது. பயனில் பெருங்குடலின் பங்கு எவ்வளவு, புரதத்தின் பங்கு எவ்வளவு என்று இந்த இரண்டு ஆய்வுகளைக் கொண்டு மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது.