குதிரை முள்ளங்கி மரம்



குதிரை முள்ளங்கி மரம் என்று ஒரு மரம் இருக்குது. குலசேகரம், திற்பரப்பு பக்கம் பல வீட்டு முற்றத்திலும் ஒரு மூடு நிற்கும். வேற ஒண்ணும் இல்லை, நம்ம முருங்கைதான்! அந்தப் பேர் இங்கிலீஷ்காரர் வைத்த பேர். ஏன் வைத்தார்கள், அந்தப் பேரை நம்பி நாம் எதைச் செய்யக் கூடாது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

குதிரை முள்ளங்கி குளிர் தேசத்துச் செடி. அதன் வெள்ளை வேரைத் துருவினால் காரம் சுள்ளென்று மூக்கில் ஏறும். துருவிய வேரில் வினிகரும் உப்பும் சேர்த்து, மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்வது இங்கிலாந்து வழக்கம். நம்ம சமவெளி வெயிலுக்கு அந்தச் செடி வராது. இங்கே வந்த துரைமார், முருங்கை வேரிலும் அதே நெடி இருக்கக் கண்டு, அதைத் துருவி வினிகரில் போட்டுச் சாப்பிட்டார்கள். திருவிதாங்கூரில் பணி பார்த்த ஹீபர் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி, இந்தியாவின் பயனுள்ள செடிகளைப் பற்றி 1858-இல் எழுதிய நூலிலும் முருங்கைக்கு இடம் கொடுத்திருக்கிறார். 1956 நவம்பர் 1 வரை நம்ம பகுதியும் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது!

அவர்களுக்கு முன்னாலேயே, கொச்சியில் டச்சுக்காரரின் கவர்னராக இருந்த வான் ரீடு, நம்ம நாட்டு வைத்தியர்களிடம் கேட்டு ‘ஹோர்தூஸ் மலபாரிகூஸ்’ என்ற 12 பாகப் புத்தகத்தை உண்டாக்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த நூலில், முருங்கை நம்ம பேரிலேயே இருக்குது. ‘மோரிங்கா’ என்ற விஞ்ஞானப் பெயரும் நம்ம முருங்கையிலிருந்து போனதுதான்.

சரி, அந்தக் காரம் எப்படி வருது? முழு வேரில் நெடி அவ்வளவாக இருக்காது. துருவும்போது வேருக்குள் தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் கலந்து, கந்தகம் சேர்ந்த காரப்பொருள் பிறக்குது. வினிகர் விட்டால் அந்த வேலை நின்று, காரம் அந்த அளவிலேயே நிற்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். முருங்கை வேர்ப்பட்டையில் காரத்தோடு நஞ்சுத்தன்மையுள்ள பொருள்களும் உண்டு. கர்ப்பிணிகள் சாப்பிட்டால் கரு கலையும் ஆபத்து இருக்குது. மருந்தாக என்றாலும் தேர்ந்த வைத்தியர் சொல்லாமல் யாரும் தொடக் கூடாது. வேரைத் தோண்டினால் மரமும் போகும்!

அந்தக் காரம் வேண்டுமா? அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்குது. குதிரை முள்ளங்கியின் காரமும் கடுகின் காரமும் ஒன்றுதான். இரண்டு கரண்டி கடுகைப் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்து, பத்து நிமிஷம் வையுங்கள். பிறகு உப்பும் கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேருங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம். சூடு பட்டால் காரம் போகும். தாளித்த கடுகில் நெடி இல்லாததும் அதனால்தான். பச்சடிக்கு நம்ம தாய்மார் கடுகைச் சதைத்துப் போடுவது இந்தக் கணக்குதான். பசியைத் தூண்டும்; மூக்கடைப்புக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் ஒதுக்கிவிடுங்கள்.

முருங்கையில் நமக்குச் செல்வம் இலைதான். 100 கிராம் பச்சை இலையில் சுமார் 440 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 6 கிராமுக்கு மேல் புரதமும், கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ‘ஏ’ தரும் சத்தும் இருக்குது. தேங்காய்ப்பூ போட்டுத் துவரன் வைத்தால் பிள்ளைகள் சாப்பிடாமலா இருப்பார்கள்?

நம்ம மலையோர மழையில் தண்ணீர் கட்டினால் முருங்கை அழுகும். அதனால் மண்ணை மேடாகக் கூட்டி, மூன்று நான்கு அடி நீளத்தில் முற்றின போத்து நடுங்கள். வேரைப் பார்த்து துரைமார் பேர் வைத்தார்கள். நாம் வேரை மண்ணுக்குள் விட்டுவிட்டு, இலையைக் கறிச்சட்டிக்குக் கொண்டுவருவோம்.