பழுதையே குறிவைத்த மருந்து

மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றது என்பதை 1866 இலேயே எழுதிவைத்தவர் பிரெஞ்சு வைத்தியர் போல் புரோக்கா. அவர் விவரித்தது தம் மனைவியின் குடும்பத்தையே என்பர். காரணம் புலப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. பலரது ஐயங்களுக்கு நடுவே பல்லாண்டுகள் உழைத்த அமெரிக்க ஆய்வாளர் மேரி கிளயர் கிங், அதற்குரிய மரபணு 17 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளதென 1990 இல் அறிவித்தார். 1994 இல் பிஆர்சிஏ-1, 1995 இல் பிஆர்சிஏ-2 ஆகிய மரபணுக்கள் பிரித்தறியப்பட்டன.

அவற்றுக்குக் காப்புரிமை பெற்ற மிரியட் நிறுவனம், பரிசோதனைக்கு 3,000 டொலருக்கு மேல் அறவிட்டதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013 இலேதான்.

மருந்துக்கான வழியோ பழ ஈக்களிடமிருந்து வந்தது. தனித்தனியே தீங்கற்ற இரு மரபணுப் பழுதுகள் ஒன்றுசேர்ந்தால் ஈ இறந்துவிடுவதைக் கல்வின் பிரிட்ஜஸ் 1922 இல் கவனித்திருந்தார்.

நமது கலங்களில் (செல்களில்) டிஎன்ஏ இழை ஓயாது அறுபடுகின்றது. ஒற்றை இழை அறுந்தால் அதைச் சீர்செய்ய உதவுவது பார்ப் என்னும் நொதியம். இரு இழைகளும் அறுந்தால் பிழையின்றிப் பொருத்துவதற்குப் பிஆர்சிஏ மரபணுக்கள் தேவை. பழுதான பிரதியொன்றுடன் பிறந்தவரின் ஏனைய கலங்களில் நல்ல பிரதி ஒன்று எஞ்சியிருக்கும். அவரது புற்றுநோய்க் கலங்களிலோ பெரும்பாலும் அதுவும் அழிந்திருக்கும். அந்நிலையில் பார்ப்பையும் தடுத்துவிட்டால்? மற்றக் கலங்கள் பிழைத்துக்கொள்ளும். புற்றுநோய்க் கலம் மடியும். நோயை விளைத்த பழுதே நோய்க்கு எதிரியாகின்றது! 2005 இல், லண்டனில் அலன் ஆஷ்வேர்த்தின் குழுவினரும் ஷெஃபீல்டில் தோமஸ் ஹெல்டேயின் குழுவினரும் இதனை நேச்சர் சஞ்சிகையின் ஒரே இதழில் வெளியிட்டனர்.

கேம்பிரிட்ஜில் உருவான ஓலபரிப் என்னும் மருந்து, 2014 டிசம்பரில் சூலகப் புற்றுநோய்க்காக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது. மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதி 2018 இல் கிடைத்தது.

புற்றுநோயும் வாளாவிருக்கவில்லை. சில கட்டிகள் இன்னொரு விகாரத்தின் மூலம் பிஆர்சிஏ-2 இன் செயற்பாட்டை மீளப் பெற்று மருந்துக்குத் தப்பிவிடுகின்றன என்பது 2008 இலேயே தெரியவந்தது. மருந்து பலனளித்தவர்கள் சிலரில் நோய் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.