எலி மருந்தும் பெண்களின் இதயமும்

இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம்.

இதைத் தடுக்கும் மாத்திரையின் கதை மாட்டுத் தீவனத்தில் தொடங்குகிறது! 1920களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. காரணத்தைப் பின்னர் பிரித்தெடுத்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948ல் எலி மருந்து, 1954ல் மனித மருந்து.

யாருக்கு மாத்திரை வேண்டும்? 2010ல் பர்மிங்ஹாமின் கிரிகரி லிப் குழு ஒரு மதிப்பெண் முறையைத் தந்தது. வயது, பிபி, சர்க்கரை என்று வரிசையாக மதிப்பெண். பெண் என்றாலே கூடுதலாக ஒன்று. 2024ல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் அதை எடுத்துவிட்டது. பெண்களின் ஆபத்து வயதோடு சேர்ந்துதான் ஏறுகிறது என்பது அவர்கள் வாதம்.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க மேல்நாட்டு முதியவர்களுக்கானது. புது மாத்திரையான ரிவராக்சபானின் பெரிய ஆய்வில் (2011) பாதிப்பேருக்கு வயது 73க்கு மேல். பெண்கள் சுமார் 40 சதவீதம். வால்வு நன்றாகச் சுருங்கியவர்களைச் சேர்க்கவே இல்லை. நம் ஊர்ப் பக்கமோ, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்து, நடுவயதுப் பெண்ணின் இதயத்தைத் தடுமாற வைக்கிறது.

அவர்களுக்கான பதில் 2022ல்தான் வந்தது. டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்திய இன்விக்டஸ் ஆய்வு; 24 நாடுகள், 4,531 பேர். சராசரி வயது 50.5, பெண்கள் 72.3 சதவீதம்! புது மாத்திரைதான் ஜெயிக்கும் என்று பலரும் நினைத்திருக்க, பக்கவாதம், மரணம் போன்றவை ரிவராக்சபான் தரப்பில் 560 பேருக்கு, பழைய மருந்துத் தரப்பில் 446 பேருக்கு. ரத்தக்கசிவில் பெரிய வித்தியாசமில்லை.

சரி, பழசே நல்லது. ஆனால் அதற்கு ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி வேண்டும். சித்தையன்கோட்டையில் கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் அதற்காகத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. மருந்துக் கம்பெனியின் விலைப்பட்டியலில் இந்தச் செலவு வராது. கீரையைக் கூட்டிக் குறைத்தாலும் அளவு மாறும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகலாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கும் என்பதால், அப்போது பலருக்கு ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுகிறார்கள். இதை டாக்டர் முன்கூட்டியே, கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.