டயகமவுக்குப் பின்னால் வந்த செம்பு

அக்கரப்பத்தனைக்கு அப்பாலுள்ள டயகம தோட்டம் குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றில் இடம்பிடித்தது 1958இல். சுவீடனும் இலங்கையும் சேர்ந்து தொடங்கிய முன்னோடித் திட்டத்துக்குக் கிராமப் பக்கம் பண்டாரகமவும் தோட்டப் பக்கம் டயகமவும் தேர்வாகின. கருத்தரிப்பைத் தடுக்கக் கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப் அப்போது பிறக்கவே இல்லை. 1960களில் ஜாக் லிப்பஸின் வெறும் பிளாஸ்டிக் சுருள்தான் உலகம் சுற்றியது. சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் முயலின் கருப்பையில் செம்புக் கம்பியை வைத்துப் பார்த்தார், கரு தங்கவில்லை. ஹோவர்ட் டாட்டம் வடிவமைத்த ‘டி’ பிளாஸ்டிக்கில் அந்தக் கம்பி ஏறியது. அதன் வாரிசுதான் காப்பர் டி 380ஏ.

36 மில்லிமீட்டர் நீளம். கைகளை மடக்கி, மெல்லிய குழாய்க்குள் நுழைத்துக் கருப்பையின் உச்சியில் விடுவார்கள். அங்கே கைகள் விரியும். நூல் இரண்டும் கருப்பை வாய்க்கு வெளியே தொங்கும். அதன்பின் செம்பு துளித்துளியாகக் கரைகிறது. செம்பு கலந்த கருப்பைத் திரவத்தில் விந்தணு நீந்தும் வலுவை இழக்கிறது. அந்நியப் பொருளைக் கண்டு திரளும் வெள்ளையணுக்களும் விந்தணுவைத் தாக்குகின்றன. ஆக, முட்டையும் விந்தும் பெரும்பாலும் சேர்வதே இல்லை. கருவைக் கலைக்கும் கருவி என்று இதைச் சொல்வது தவறு.

கொழுந்துக் கூடையோடு மலை ஏறினால் விழுந்துவிடுமா? பாரம் அதை அசைக்காது. கருப்பை தானே சுருங்கி வெளியே தள்ளுவதுண்டு, அதுவும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில். நெஞ்சுக்கு ஏறும் என்பது வெறும் பயம். வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைப்பது மிக அரிது. என்னைக் கேட்டால், உண்மையில் கவலைப்பட வேண்டியது மாதவிடாய் இரத்தம் கூடுவதைப் பற்றித்தான். இரத்தசோகை மலிந்த லயங்களில் மருத்துவ மாது முதலில் பேச வேண்டியது அதையே.

மலையகத்தில் லூப்பை முந்திக்கொண்டது கருத்தடை அறுவைச் சிகிச்சை. 1980களில் அதற்கு அரசு பணமும் கொடுத்தது. விரும்பிச் செய்துகொண்டவர்கள் உண்டு, வற்புறுத்தப்பட்டோம் என்றவர்களும் உண்டு. அது திரும்ப முடியாத வழி. லூப் அப்படியல்ல: பத்து ஆண்டு வரை உழைக்கும், வேண்டாமென்றால் நாளைக்கே எடுக்கலாம். நூலைப் பிடித்து மெல்ல இழுத்தால் கைகள் மேல்நோக்கி மடிந்து வந்துவிடும். அடுத்த மாதமே கரு தங்கலாம். பிள்ளை வேண்டாமென்றால் அப்போதே புதியதொன்றை வைத்துக்கொள்ளலாம்.